நாணல்திட்டில் யானை சுருங்கிய கதை

வேன் கிளம்புவதற்கு முன்பே சௌந்தரம் தன் தம்பியைக் காத்தாயி கோயில் வாசலில் நிறுத்தி, கற்பூரத்தை ஏற்றி, அவர் கையாலேயே அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். பெண் வீட்டில் மாசிலாமணி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே ஆகவேண்டும் என்றால் "ஆமாங்க" என்று சொல்லலாம். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லலாம். அதற்குமேல் ஒரு வார்த்தை வந்தால் அக்கா தம்பி உறவு அத்தோடு சரி.

"தாகம் எடுத்தா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"கையைக் காட்டு. கொண்டாந்து குடுப்பாங்க."

சௌந்தரத்தின் கறாருக்குக் காரணம் இருந்தது. மாசிலாமணி கொள்ளிடத்தில் படகு ஓட்டுகிறவர். ஆற்றுக்கு நடுவே கிடக்கும் நாணல்திட்டுதான் அவர்களுடைய ஊர். அங்கிருந்து கரைக்கும், கரையிலிருந்து திட்டுக்கும் பொழுதுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவார். படகில் ஏறினவர்கள் நடு ஆற்றில் எழுந்து போக முடியாது. எவ்வளவு புளுகினாலும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வசதியில் வளர்ந்த வாய் அது. ஆற்றைப் பற்றி, முதலையைப் பற்றி, துடுப்பைப் பற்றி, துடுப்பு வெட்டிய மரத்தைப் பற்றி அவர் சொல்லாத பொய் கிடையாது. படகுக்கு நங்கூரமாக ஒரு சுருள்கல் உண்டு. அவருடைய அப்பா ஆற்று மணலில் தோண்டி எடுத்துக் கயிறு கட்டியது. அந்த ஒன்றைப் பற்றி மட்டும்தான் அவர் எதுவும் சொன்னதில்லை. கல்லில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

போன தடவை சீர்காழிப் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், "எங்க கொல்லையில காய்ச்ச பூசணிக்காயைக் குடைஞ்சுதான் மாட்டுக்கொட்டகை போட்டிருக்கோம்" என்று சொல்லி வைத்தார். பெண்ணின் அப்பா எதையும் நேரில் பார்க்கிற மனிதர். மறுவாரமே படகேறி வந்து மாட்டுக்கொட்டகையைத் தட்டிப் பார்த்தார். கீற்றுக்கொட்டகை. பூசணிக்காய் விஷயத்திலேயே இப்படிப் பேசுகிறவன் பையன் விஷயத்தில் எப்படிப் பேசியிருப்பான் என்று அடுத்த படகிலேயே திரும்பிவிட்டார்.

மாப்பிள்ளை மதியழகன் தங்கமான பையன். சிதம்பரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத திருகாணியைக்கூட விரல் நுனியால் எடுத்துவிடுவான். உயரம்தான் கொஞ்சம் குறைவு. கொஞ்சம் என்ன, நிறையவே குறைவு. பஸ்ஸில் கண்டக்டர் அவனை "தம்பி, அம்மா எங்க?" என்று கேட்டிருக்கிறார், மீசை முளைத்து வெகுகாலம் ஆன பிறகு. போகிற இடமெல்லாம் உயரத்தைச் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார்கள். "இதுதான் கடைசி. இதுவும் இல்லேன்னா இனிமே எந்த வீட்டு பஜ்ஜியும் தின்ன என்னைக் கூப்பிடாதீங்க" என்று வேனில் ஏறும்போதே சொல்லிவிட்டான். அதைக் கேட்டதிலிருந்து சௌந்தரம் வழியில் தெரிந்த கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள்.

இந்த லட்சணத்தில், தரகரிடம் கொடுத்த போட்டோ வேறு மாசிலாமணியின் கைவேலை. போட்டோவில் மதியழகன் வாசல்நிலையில் தலை இடிக்காத குறையாகக் கம்பீரமாக நிற்பான். காலுக்கு அடியில் கவிழ்த்துப் போட்டிருந்த, நெல் அளக்கிற மரக்கால் போட்டோவில் வரவில்லை.

அரியலூருக்கு அந்தப் பக்கம் வெள்ளைப்பாறை என்று ஒரு ஊர். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிற ஊர். தெரு, ஓடு, வேப்பிலை எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். பெண்ணின் அப்பா கலியபெருமாள் அங்கே கல்குவாரியில் மேஸ்திரி. அவரும் அவர் தம்பி தங்கராசுவும் வாசலில் நின்று கைகூப்பினார்கள். முதலில் சௌந்தரம் இறங்கினாள். பிறகு மாசிலாமணி இறங்கினார். ஆள் நல்ல உயரம், நல்ல தொந்தி. தாய்மாமனே இந்த உயரம் என்றால் மாப்பிள்ளை எப்படி இருப்பார் என்று கலியபெருமாள் முகம் மலர்ந்தார். அடுத்து மதியழகன் இறங்கினான். "வா தம்பி" என்று அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, கலியபெருமாள் வேனுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவரும் இறங்கிக் கதவைச் சாத்தினான்.

"மாப்பிள்ளை பின்னால வேற வண்டியில வர்றாருங்களா?"

"இவன்தாங்க என் புள்ள" என்றாள் சௌந்தரம்.

கலியபெருமாள் கன்னத்தைத் தடவிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது மாசிலாமணி வாசல்நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். இடித்த வேகத்தில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த கல்லில் கால் கட்டைவிரலையும் மோதிக்கொண்டார். வண்டிச் சக்கரத்தில் பாதி இருக்கும், வட்டவட்டமாகச் சுருண்ட கல். அந்த ஊரில் நிலத்தைத் தோண்டினால் இப்படி வரும், நத்தைக்கல் என்பார்கள். விரல் நகம் பெயர்ந்துவிட்டது போல இருந்தது. அக்காவைப் பார்த்தார். அக்கா கற்பூரத்தை நினைவூட்டும் பார்வை பார்த்தாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மாசிலாமணி, கண்ணில் நீரோடு.

கேசரியும் பஜ்ஜியும் வந்தன. உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசனையும் வந்தது. சமையல் முடிந்து வாழையிலைக் கட்டுகூட அடுக்களை வாசலில் தயாராக இருந்தது. ஆனால் சம்பந்தம் பேசி முடிக்காமல் பெண் வீட்டில் கை நனைக்கிற வழக்கம் கிடையாது. பேச்சு முடிந்தால் இலை. முடியாவிட்டால் பஜ்ஜியோடு சரி.

பெண் பூங்கோதை காபித் தட்டோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித் தருகிற டீச்சர். அவளுடைய போட்டோவில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏன் உட்கார வைத்தார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. அடுக்களை நிலைக்கு அவள் தலையைக் குனிந்து, தோளைக் குனிந்து, அப்புறம் வெளியே வந்து நிமிர்ந்தாள். நிமிர்ந்தாள், நிமிர்ந்தாள், நிமிர்ந்துகொண்டே இருந்தாள். மதியழகன் கையில் பஜ்ஜியோடு அண்ணாந்து பார்த்தவன் அப்படியே சிரித்தான். அவளும் குனிந்து பார்த்துச் சிரித்தாள். காபியைக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போன பிறகும் அவன் அண்ணாந்தபடியே இருந்தான்.

"மாமா, இவங்கதான்" என்று காதோரம் சொன்னான்.

"ஆமாங்க" என்றார் மாசிலாமணி.

தங்கராசு அவசரப்படாமல் சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். அவரும் கல்குவாரிக்காரர்தான், வெடி வைக்கிறதற்கு முன்னால் பாறையைத் தட்டிப் பார்க்கிற ஆள். போட்டோவைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"போட்டோவுல வாசக்கால் உசரம் இருந்தாரு. வழியில மழை கிழை பெய்ஞ்சுதுங்களா? துணிதான் நனைஞ்சா சுருங்கும்."

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சௌந்தரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன். மாப்பிள்ளை இனிமே வளருவாருங்களா?"

மதியழகன் பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தான். கலியபெருமாள் தொண்டையைச் செருமினார். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். 'நீங்க ஊருக்குப் போய்ச் சேருங்க, நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புறோம்.' அப்படிச் சொன்னவர்கள் யாரும் சொல்லியனுப்பியதில்லை. சௌந்தரம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டதை மாசிலாமணி பார்த்தார். அவர் தொண்டையில் விக்கல் மாதிரி ஒன்று ஏறியது. அது ஏறிவிட்டால் கற்பூரமாவது காத்தாயியாவது.

"வளர்றதா?" என்று ஆரம்பித்தார். "என்ன கேள்வி கேட்டுட்டீங்க சம்பந்தி!"

"சம்பந்தி இன்னும் ஆவல" என்றார் தங்கராசு.

"வளர்ற குடும்பம் ஊருக்கு ஊரு கெடக்குதுங்க. எங்களுது சுருங்குன குடும்பம். சும்மா ஒரு நாள்ல சுருங்கிட முடியுமா? தலைமுறை தலைமுறையா பாடுபட்டுச் சுருங்கினது. எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஒருத்தர் இருந்தாரு. கொள்ளிடத்துல வெள்ளம் கரை பொரண்டு வந்தா, வேட்டிய முழங்காலுக்கு மேல தூக்கிக்கிட்டு இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் நடந்துடுவாரு. படகே கெடையாது அப்ப. ஆளுங்க அவரு இடுப்புத் துணியில தொங்கிக்கிட்டுப் போவாங்க."

"டேய்" என்றாள் சௌந்தரம், முந்தானைக்குள்ளிருந்து.

"அக்காவுக்கு இதெல்லாம் வெளிய சொல்றது பிடிக்காது. பெருமையடிச்சுக்கிறோம்னு நெனைப்பாங்களேன்னு. அவ்வளவு பெரிய ஒடம்புல இருக்கிற கஷ்டம் நமக்குத் தெரியாதுங்க. ஆடியில கால்ல முள்ளு குத்தும். வலி கணுக்கால் ஏறி, முழங்கால் ஏறி, தொடையில ஒரு ராத்திரி தங்கி, முதுகு வழியா மண்டைக்குப் போய்ச் சேர்றப்ப ஐப்பசி பொறந்துடும். தீபாவளிக்கு எல்லாரும் வெடி வெடிச்சுக்கிட்டு இருப்பாங்க, அவரு மட்டும் 'ஐயோ முள்ளு'ன்னு கத்துவாரு."

கலியபெருமாளுக்கு உதட்டோரம் லேசாக அசைந்தது. தங்கராசு அசையவில்லை.

"அந்த ஒடம்பை அந்தக் காலு எப்பிடிங்க தாங்கும்? நான் கல்லுல வேலை பாக்கிறவன். ஒரு கல்லு நீளம் அகலம் ஒசரம் மூணும் ரெண்டு பங்கானா எடை எட்டுப் பங்கு ஆயிடும். அடியில தாங்குற எடம் நாலு பங்குதான்" என்றார் தங்கராசு.

"ஆங்! பாத்தீங்களா, வெவரம் தெரிஞ்சவங்க கிட்டப் பேசுறதே ஒரு சொகம்" என்று மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டார். "தாங்கல. அதான் சமாசாரமே. ஒரு நாள் ஆத்த தாண்டி எங்க திட்டுல கால வெச்சாரு பாருங்க, முழங்கால் மடார்னு போயிடுச்சு. அந்தச் சத்தத்தை இடின்னு நெனைச்சு மயிலெல்லாம் ஆடிச்சாம். அப்பிடியே உக்காந்துட்டாரு. அன்னைக்குன்னு வந்தது வெள்ளம். திட்டைச் சுத்தி எல்லாப் பக்கமும் தண்ணி. அவரும் அவரோட சனமும் உள்ள மாட்டிக்கிட்டாங்க."

"சரி, மாட்டிக்கிட்டாங்க. அதுக்கு எதுக்குச் சுருங்கணும்?"

"சோறு வேணாமா? திட்டு எம்மாத்தூண்டு! அதுல வெளையுறது அந்த ஒடம்புக்கு ஒரு வாய்க்குக் காணாது. பெரிய ஒடம்புக்காரன் ஒருவேளை தின்னுட்டு மறுவேளைக்குப் பசியில போய்ச் சேந்துடுவான். சின்ன ஒடம்புக்காரன் கொஞ்சமா தின்னு, மிச்சம் வெச்சு, கல்யாணம் கட்டி, புள்ளகுட்டி பெத்துக்குவான். அந்தப் புள்ளைங்கள்லயும் பெருசு போயிடும், சிறுசு நிக்கும். ஒவ்வொரு தலைமுறையிலயும் பொழைச்சது கடைக்குட்டிதாங்க. கடைக்குட்டிக்குக் கடைக்குட்டி, அதுக்குக் கடைக்குட்டின்னு வடிகட்டி வடிகட்டி எடுத்த சரக்கு இது" என்று மதியழகன் தோளைத் தட்டினார். மதியழகன் இன்னும் கொஞ்சம் சுருங்கினான்.

"மனுசங்க மட்டுமா?" என்றார் தங்கராசு. "ஆடு மாடு?"

கேள்வி மடக்குவதற்காகக் கேட்டது. மாசிலாமணியோ வெற்றிலைத் தட்டை நீட்டியது போல அதை வாங்கிக்கொண்டார்.

"ஆடு மாட்டை ஏன் கேக்குறீங்க, யானையக் கேளுங்க! அந்த வெள்ளத்துல ஒரு யானைக் கூட்டமும் மாட்டிக்கிச்சு. மொதல் தலைமுறை தென்னைமரம் ஒசரம். அதோட புள்ளைங்க எருமை ஒசரம். பேரப்புள்ளைங்க வெள்ளாடு. எங்க கொள்ளுப்பாட்டன் காலத்துல யானையப் பஞ்சாரக் கூடையில கவுத்து வெச்சுத்தான் வளத்தாங்க. இல்லேன்னா பருந்து தூக்கிட்டுப் போயிடும். கோயில் யானைகிட்ட ஆசீர்வாதம் வாங்கணும்னா தரையில குப்புறப் படுத்துக்கணும். அது ஏணி வெச்சு ஏறி வந்து தும்பிக்கையத் தலையில வெக்கும்."

"கோழிக்குஞ்சு மாதிரின்னு சொல்லுங்க."

"கோழிக்குஞ்சு எவ்வளவோ பரவால்ல. சின்ன ஒடம்புல சூடு நிக்காதுங்க. பெரிய பானையில வெந்நி பொழுதுக்கும் ஆறாம இருக்கும், டம்ளர்ல ஊத்தினா ஊதுறதுக்குள்ள ஆறிடும்ல? அந்த மாதிரிதான். மார்கழி வந்துட்டா யானை எல்லாம் வெடவெடன்னு நடுங்கும். பொம்பளைங்க அடுப்பு மேடையில வரிசையா குந்த வெச்சுடுவாங்க. சூடு போயிடுதா, உடனே பசிக்கும். நாள் முழுக்கத் தின்னுக்கிட்டே இருக்கும். மதியழகனுக்கும் அந்தச் சுபாவம் கொஞ்சம் உண்டு. தம்பி, அந்த பஜ்ஜிய எடுத்துக்க."

மதியழகன் தர்மசங்கடத்தோடு எடுத்துக்கொண்டான்.

"அப்ப அந்த ஊர் எலியெல்லாம் எறும்பு கணக்கா இருந்திருக்குமே" என்றார் தங்கராசு, பிடித்துவிட்ட தோரணையில்.

"அங்கதான் நீங்க தப்பு பண்றீங்க! பெருசு சுருங்குச்சு, சிறுசு பெருத்துச்சு. எலி ஏன் சின்னதா இருக்கு? பொந்துக்குள்ள ஓடி ஒளியணும். திட்டுல பாம்பும் கெடையாது பூனையும் கெடையாது. யாருக்குப் பயந்து ஒளியுறது? காலை நீட்டிப் படுத்துச்சு. தின்னுச்சு. கன்னுக்குட்டி ஆச்சு, காளை ஆச்சு. மூக்கணாங்கயிறு குத்தி ரெண்டு எலியக் கட்டித்தான் எங்க தாத்தா ஏர் உழுதாரு. உழவு சுத்தமா இருக்கும், ஆனா வழியில வரப்பு வந்தா நின்னு கொறிக்கும். யானைங்க எலிக்குப் பயந்துக்கிட்டு ஏறி ஒறியில குந்திக்கும்."

உறியில் யானை என்றதும் உள்ளேயிருந்து மறுபடியும் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அது வேறு மாதிரிச் சிரிப்பு.

"ஊர் ஊருக்குப் பிள்ளையார் கோயில் இருக்குதுல்ல? அவ்வளவு பெரிய பிள்ளையாரு இத்தனூண்டு எலி மேல எப்பிடிப் போவாருன்னு நீங்க யோசிச்சது உண்டா? எங்க ஊருக்கு வந்து பாருங்க. அங்க ரெண்டும் அளவா, அம்சமா பொருந்தும். பிள்ளையாரு மொதல்ல எங்க ஊருக்குத்தான் வந்திருக்கணும்."

கலியபெருமாள் வாய்விட்டே சிரித்துவிட்டார். சட்டென்று தம்பியைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அப்ப கொசு?" என்றார் தங்கராசு. "கொசு என்ன பருந்து அளவா?"

மாசிலாமணி ஒரு கணம் திணறினார். திணறினதை வெற்றிலை போடுவதில் மறைத்தார்.

"கொசுவும் ஆசைப்பட்டுச்சுங்க. எலியப் பாத்து அதுவும் பெருத்துச்சு. காக்கா அளவுக்கு வந்தது. அதுக்கு மேல முடியல. நமக்கு மூக்கு இருக்கு, உள்ள நுரையீரல் இருக்கு, இழுத்து விடுறோம். அதுக்கு அதெல்லாம் ஏது? ஒடம்பெல்லாம் ஊசி ஓட்டை, அதுல காத்து தானா போய் வந்தாத்தான் உண்டு. ஒடம்பு பெருத்தா உள்ள வரைக்கும் காத்து போய்ச் சேருமா? மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, வீட்டு வீட்டு வாசல்ல வந்து விழுந்து கெடக்கும். பாவமா இருக்கும். நாங்க விசிறிவிட்டு அனுப்பி வெப்போம்."

"கொசுவுக்கு விசிறினீங்க!"

"விருந்தோம்பல்ல எங்க ஊரை அடிச்சுக்க முடியாதுங்க. தவளைய எடுத்துக்குங்க. தலைப்பிரட்டையா இருக்கிறப்ப தண்ணி, வாலு, நீச்சல்னு ராசா மாதிரி பொழைப்பு. எங்க குளம் வத்துறதே இல்ல. அப்புறம் அது எதுக்கு வாலை விட்டு, காலை மொளைக்க விட்டு, வெயில்ல வந்து குதிச்சுக்கிட்டு நிக்கணும்? எங்க ஊர்ல தலைப்பிரட்டை கடைசி வரைக்கும் தலைப்பிரட்டைதான். அப்பிடியே பொண்ணு பாக்கும், அப்பிடியே கல்யாணம் பண்ணும், அப்பிடியே பேரன் எடுக்கும். எவனும் அதைப் பாத்து 'நீ இனிமே வளருவியா'ன்னு கேக்கிறது இல்ல."

கூடத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சௌந்தரம்கூட முந்தானையை எடுத்துவிட்டாள். மாசிலாமணி சுற்றிலும் பார்த்தார். ஆற்றின் பாதி தாண்டிவிட்டது, கரை தெரிகிறது என்று அவருக்குத் தோன்றியது.

தங்கராசு மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மாசிலாமணிக்கு எதிரில் நின்று, அவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாம் சரிங்க. நீங்களும் அந்தத் திட்டுதானே?"

"பொறந்து வளந்ததே அங்கதான்."

"உங்க அப்பா, தாத்தா?"

"அத்தனை பேரும் அங்கதான்."

"அங்க சுருங்காத பெருசு எதுவும் இல்ல. யானையே பஞ்சாரத்துக்குள்ள போயிடுச்சு. அப்ப நீங்க மட்டும் எப்பிடி எங்க வீட்டு நெலையில மண்டைய இடிச்சுக்கிட்டு உள்ள வந்தீங்க?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். அவருடைய வாழ்க்கையில் முதல்தடவையாக அதற்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. படகு என்றால் இந்நேரம் துறை வந்துவிட்டது, இறங்குங்கள் என்று சொல்லித் தப்பித்திருப்பார். இங்கே துறை இல்லை. அவருடைய தொந்தியும் உயரமும் நடுக்கூடத்தில் சாட்சிக்கு நின்றன. "அது வந்து..." என்றார். "அதாவதுங்க..." என்றார். "ரொம்ப சந்தோஷம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மதியழகன் மெதுவாக எழுந்து செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தான். சௌந்தரம் தான் கொண்டுவந்த பழத்தட்டை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அதன் விளிம்பைப் பிடித்தாள். தம்பியை அவள் திட்டக்கூட இல்லை. அதுதான் மாசிலாமணிக்குத் தாங்கவில்லை. கலியபெருமாள் எழுந்து மேல்துண்டைச் சரி செய்துகொண்டார்.

"அப்ப நீங்க ஊருக்குப் போய்ச் சேருங்க. நாங்க..."

"அவரு தெனமும் கரைக்கு வர்றாருல்ல சித்தப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

அடுக்களை நிலையில் பூங்கோதை குனிந்தாள், வெளியே வந்தாள், நிமிர்ந்தாள்.

"யாரு?" என்றார் தங்கராசு.

"அவங்க மாமாதான். படகுக்காரரு. ஆளுங்கள ஏத்திக்கிட்டுத் தெனமும் கரைக்கு வர்றாரு. வந்தா கரையில கெடைக்கிற சோத்தைத்தானே தின்னுவாரு? திட்டுச் சோறு தின்னவங்கதானே சுருங்கணும்? இதுல என்ன சந்தேகம் உங்களுக்கு?"

மாசிலாமணி அவளைக் கண்கொட்டாமல் பார்த்தார். இவ்வளவு சுளுவான பதில் தனக்கு வராமல் போயிற்றே என்று ஒரு பக்கம் வெட்கமாகவும், மறுபக்கம் ஆற்றில் அமுங்கினவனை யாரோ முடியைப் பிடித்துத் தூக்கினது போலவும் இருந்தது.

"ஆனா அவரு சொன்னதுல ஒரு தப்பு இருக்கு" என்றாள் பூங்கோதை.

தூக்கின கையே விட்டுவிட்டது என்று மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"அவங்க முப்பாட்டன் சும்மா ஒண்ணும் ஆத்தைத் தாண்டல. எங்க ஊர்லேருந்து திரும்பிப் போறப்பதான் முழங்கால் போச்சு." கதவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, அந்தச் சுருள்கல்லை இரண்டு கையாலும் நிமிர்த்தி நிறுத்தினாள். "இது என்னன்னு நெனைக்கிறீங்க சித்தப்பா?"

"நத்தைக்கல்லு."

"ஊர்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க. நத்தை இவ்வளவு பெருசு இருக்குமா? யோசிக்க வேணாம்? இது எங்க முப்பாட்டிக்கு முப்பாட்டியோட மெட்டி."

தங்கராசு குனிந்து கல்லைத் தட்டிப் பார்த்தார். பூங்கோதை நிறுத்தவில்லை.

"இங்க கல்யாணம் நடந்துச்சு. அவரு அவங்க காலைப் புடிச்சு அம்மி மேல வெச்சு ஒரு மெட்டியப் போட்டாரு. இன்னொரு கால் மெட்டிய ஊருலேயே மறந்து வெச்சுட்டு வந்துட்டாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே, ரெண்டு எட்டுல எடுத்தாந்துடறேன்னு கெளம்பினாரு. முழங்கால் போச்சு, வெள்ளம் வந்துடுச்சு, திட்டுல மாட்டிக்கிட்டாரு. அம்மியில ஒத்தக் காலை வெச்சுக்கிட்டு அவங்க காத்துக்கிட்டு நின்னாங்க. வர்றாரா வர்றாரான்னு எக்கி எக்கிப் பாத்தாங்க. அவங்களுக்கு அப்புறம் அவங்க பொண்ணு எக்கிப் பாத்துச்சு. அதுக்கு அப்புறம் பேத்தி. அப்பிடி எக்கி எக்கித்தான் எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் இந்த ஒசரம் வந்தோம்." அவள் மதியழகனைப் பார்த்தாள். "நாங்க பண்ணின தப்பு, இத்தனை தலைமுறையா தூரத்துலயே பாத்துக்கிட்டு இருந்துட்டோம். அவரு சுருங்கிப்போய் வருவாருன்னு யாருக்கும் தோணல. கீழ பாக்கவே இல்ல."

மதியழகன் ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்று அவளை அண்ணாந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது.

கலியபெருமாளுக்கு மகள் இவ்வளவு பேசுவாள் என்றே தெரியாது. "உனக்கு மனசுக்குப் புடிச்சுத்தான் சொல்றியாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் என்னைக் கொஞ்சம் குனிஞ்சு நில்லுன்னுதாம்ப்பா சொன்னாங்க. இவரு ஒருத்தருதான் நிமிர்ந்து பாத்தாரு."

கலியபெருமாள் அடுக்களைப் பக்கம் திரும்பி, "இலையப் போடுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க கை நனைக்கட்டும்" என்றார். சௌந்தரம் வாய்விட்டு அழுதாள். பூங்கோதை குனிந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். குனிய வேண்டிய தூரம் நிறைய இருந்தது.

இலை போட்டு, உப்பு வைத்து, சோறு விழுந்தது. மாசிலாமணி பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் வட்டமாக, உள்ளே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகிற சுருள். ஓரத்தில் வரிவரியாகக் கோடு. கயிறு கட்டத் தோதாக நடுவில் ஒரு பள்ளம்.

"சம்பந்தி" என்றார் தங்கராசு, அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாம்பாரை ஊற்றிக்கொண்டே. தோற்றவர் போல இல்லாமல் விளையாட்டாகவே கேட்டார். "அந்த இன்னொரு கால் மெட்டி என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லவே இல்லியே?"

"எங்கிட்டதாங்க இருக்கு" என்றார் மாசிலாமணி. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "என் படகுக்கு அதுதான் நங்கூரம். எங்கப்பா மணல்ல எடுத்தது. இதே கல்லுங்க. இதே சுருளு, இதே வரி, இதே அளவு."

கூடம் கொல்லென்று சிரித்தது. தங்கராசுவுக்குப் புரையேறிவிட்டது. கலியபெருமாள் தம்பி தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். பரிமாறிக்கொண்டிருந்த பூங்கோதை, இது தன்னுடையதைவிட ஒருபடி மேல் என்பது போல மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"ஐயோ, இது பொய் இல்லீங்க!" என்று மாசிலாமணி எச்சில் கையோடு எழப்போனார். "அக்கா, நீயே சொல்லு! நீ பாத்ததுதானே! சத்தியமா..."

"காலையில பண்ணின சத்தியமே இன்னும் பாக்கி கெடக்கு" என்றாள் சௌந்தரம். "ரசம் ஊத்துறாங்க, கையை எடு."